கெட்டிமேளத்தில் கேட்டது

அந்தப் பக்கம் உக்காராதீங்க, தண்ணி சிந்திக் கெடக்குது. இப்படி வாங்க, எம் பக்கத்துச் சேரு காலியாத்தான் இருக்குது. பொங்கல மட்டும் வாங்கிக்காதீங்க. நெய்யக் கண்ணுல காட்டல. பொண்ணு ஊட்டு ஏற்பாடுல்ல, அப்படித்தான் இருக்கும். நீங்க பொண்ணு ஊடா, மாப்ள ஊடா? ஓ, பொண்ணு ஊடா. சரி, இருக்கட்டும். அதுக்காக எந்திரிச்சுப் போயிராதீங்க, நான் ஒண்ணும் கடிக்க மாட்டேன்.

நான் மாப்ளையோட அக்காங்க. கூடப் பொறந்தவ, ஒரே அக்கா. வசந்தாமணின்னு பத்திரிகையில பேரு போட்டிருக்குமே, பாத்திருப்பீங்க. மாப்ளைக்கு அக்கா மாடியில மணவறைகிட்ட நிக்காம, கீழ பந்தியில உக்காந்து இட்லியப் பிச்சுட்டு இருக்கறாளேன்னு உங்களுக்குத் தோணும். தோணோணும். காலையில இருந்து போறவங்க வர்றவங்க எல்லாம் மூஞ்சியப் பாக்கறாங்க, பாத்துட்டு மாடிப்படி ஏறிடறாங்க. ஏன் வசந்தா இங்க உக்காந்திருக்கறேன்னு கேக்க ஒரு வாயில்ல. சட்டினி ஊத்திக்குங்க, நான் சொல்றேன்.

தாலிக்கு மூணு முடிச்சு. மொத முடிச்சு மாப்ள போடுவான். மத்த ரெண்டும் அவன் கூடப் பொறந்தவ போடோணும். நாத்தனார் முடிச்சுன்னு அதுக்குப் பேரே இருக்குது. உங்க பக்கமும் அப்படித்தானுங்க? எல்லாப் பக்கமும் அப்படித்தான். அந்த முடிச்ச இன்னைக்குச் சித்ரா போடறாளாம். எங்க சித்தப்பா மக. கூடப் பொறந்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப சித்தப்பா மக போடறாளாம். எதுக்குன்னு கேளுங்க. ஒரு டிவி நாடகத்துக்கு. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

எங்கம்மா போனப்ப தம்பி பள்ளிக்கூடம் போயிட்டு இருந்தான். நவநீதன்னு பேரு, பாருங்க, அந்தச் செவுத்துல எழுதி வெச்சிருக்கறாங்களே, தெர்மாக்கோல்ல, அதுலயும் ஒரு புள்ளி உளுந்து கெடக்குது. அவனுக்குச் சோறு போட்டு, துணி தொவைச்சு, படிக்க வெச்சு, எல்லாம் நான்தான். அவனுக்குப் பொண்ணு தேடுனனே, அது அத விடக் கொடும. உங்களுக்கே தெரியும், நம்ம பக்கம் பசங்களுக்குப் பொண்ணு கெடைக்கறது என்ன பாடுன்னு. சாதகத்தத் தூக்கிட்டு நான் ஏறாத ஊடு இல்ல. பையனுக்கு என்ன வேல, காடு தோட்டம் எவ்வளவு, மாமியார் இருக்குதான்னு கேப்பாங்க. மாமியார் இல்லீங்கன்னா மூஞ்சி மலரும். அடுத்து, அக்கா தங்கச்சி இருக்குதான்னு கேப்பாங்க. நானே அங்க உக்காந்திருக்கறேன், என்னப் பாத்துட்டே கேப்பாங்க.

அப்படித் தேடித் தேடி இந்த மேகலாவப் புடிச்சேன். நான் புடிச்ச பொண்ணு. பல்லடத்துல அவிய ஊட்டுக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப டிவியில ‘இரட்டை வாசல்’ ஓடிட்டு இருந்துது. நாங்க வந்திருக்கறம்னு சத்தத்தக் கொறைச்சு வெச்சிருந்தாங்க. காப்பித் தட்டத் தூக்கிட்டு வந்த பொண்ணு என்னப் பாக்கல, தம்பியப் பாக்கல, ஓரக்கண்ணுல டிவியப் பாக்குது. நானும் டிவியத்தான் பாத்துட்டு இருந்தேன். ரெண்டு பேரும் ஒட்டுக்காச் சிரிச்சிட்டோம். எனக்கு அங்கயே புடிச்சுப்போச்சு. ஊட்டுக்குப் போனதும் முடிச்சிரலாம்னு நான்தான் சொன்னேன். தம்பியக் கேக்கக்கூட இல்ல.

நிச்சயம் முடிஞ்சு தெனமும் நாடகம் முடிஞ்சொடனே போன் பண்ணுவா. அண்ணி, பாத்தீங்களாம்பா. பாத்தேன் அம்மிணிம்பேன். தம்பிகூட அவ அவ்வளவு பேசியிருக்க மாட்டா. ‘இரட்டை வாசல் ரசிகைகள்’னு வாட்சப்புல ஒரு குரூப்பு, அதுக்கு அவதான் அட்மின். என்னையும் சேத்துவுட்டா. எங்க அண்ணின்னு சொல்லிச் சேத்துவுட்டா. எனக்குப் பெருமையாத்தான் இருந்துது, பொய் சொல்லல.

நீங்க அந்த நாடகம் பாக்கறதுண்டுங்களா? இல்லியா? அப்ப நல்லது, நடுவால நிக்கற ஆளு. கேட்டுக்குங்க. தாமரைன்னு ஒரு பொண்ணு, அதுக்குக் கல்யாணம். மாப்ளையோட அக்கா பேரு பார்கவி. அம்மா இல்லாத தம்பிய வளத்து ஆளாக்குனவ. தாலி கட்டறான், கெட்டிமேளம் அடிக்குது, பார்கவி பின்னால குனிஞ்சு முடிச்சுப் போடறா. போட்டுட்டுத் தாமரை காதுகிட்ட ஒண்ணு சொல்றா. தாமரை கண்ணுல தண்ணி நிக்குது. அதோட தொடரும் போட்டுட்டான். அடுத்த நாளு என்ன சொன்னான்னு காட்டுவான்னு பாத்தா, கதைய எங்கியோ கொண்டுபோயிட்டான். கெட்டிமேளம் எதுக்கு அடிக்கறதுங்க? தாலி ஏறற நேரத்துல கெட்ட சொல்லு ஒண்ணும் காதுல உளுகக்கூடாதுன்னுதானே. அந்த மேளத்துக்கு நடுவால சொன்னா யாருக்குக் கேக்கும்?

எனக்குக் கேட்டுது. ‘இனிமே நீ அழாத’ன்னு சொன்னா. அவ்வளவுதான். அந்தப் பொண்ணு பாவம் கஷ்டப்பட்டு வந்தது, பார்கவி ஆறுதல் சொல்றா. நான் போன எடுத்து மேகலாகிட்டச் சொல்றேன், பாத்தியா அம்மிணி, அந்த நாத்தனாருக்கு எவ்வளவு நல்ல மனசுன்னு. அதுக்கு மேகலா, அண்ணி, அவ ‘இனிமே நீ அழுவ’ன்னுதானே சொன்னாங்கறா.

எப்படி இருக்கும் எனக்கு? பார்கவி அப்படிச் சொல்லுவாளா? நீங்களே சொல்லுங்க. ஆமா, நீங்க பாக்கறதில்ல. பார்கவி சொல்ல மாட்டாளுங்க. நிச்சயத்துக்கு முந்தி தாமரை குடிக்கற பால்ல பார்கவி ஒரு பொடியக் கலந்தாளேன்னு மேகலா கேக்கறா. கலந்தா, இல்லைங்கல. அது வேற. அந்தப் பால தாமரை குடிக்கவே இல்லியே. நகையத் தூக்கி ஒளிச்சு வெச்சாளேங்கறா. தம்பி காசுல வாங்குன நகை, அக்கா எடுத்து வெச்சா என்ன தப்பு? இதெல்லாம் பேசுனா அவளுக்கு வெளங்கல.

குரூப்பு ரெண்டாப் போச்சுங்க. அழாதங்கறவ பாதி, அழுவங்கறவ பாதி. சோறு வெச்சுட்டுச் சண்ட, துணி காயப் போட்டுட்டுச் சண்ட. ஒருத்தியோட ஊட்டுக்காரர் சவுண்டு சர்வீஸ் வெச்சிருக்கறவரு, மேளத்தக் கொறைச்சு வாய்ச் சத்தத்த ஏத்திக் குடுத்தாரு. அதக் கேட்டுட்டு அழாதக் கட்சி, பாத்தியா அழாதன்னுச்சு. அழுவக் கட்சி, பாத்தியா அழுவன்னுச்சு. கடைசியில பார்கவியா நடிக்கற பொண்ணே எங்கியோ பேட்டியில சொல்லிட்டா. அன்னைக்கு எனக்கு வசனமே குடுக்கல, மேளத்துல கேக்கவா போகுதுன்னு, டிபன் சாப்பிட்டியாடின்னு கேட்டேன்னு சிரிக்கறா. அதோட அடங்கியிருக்கோணுமா இல்லியா? ஒருத்தியும் ஒத்துக்கல. நடிக்கறவளுக்கு என்ன தெரியும், தெனமும் பாக்கறவளுக்கல்ல தெரியும்னு நான் எழுதுனேன். மேகலாவும் அதையேதான் எழுதுனா. கடைசியா நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போனது அதுல மட்டுந்தான்.

அப்பறம் ஒரு நாளு அவ குரூப்புல போடறா, எந்த நாத்தனாருங்க மனசாரத் தம்பிக்குக் கல்யாணம் பண்ணி வெச்சான்னு. சிரிக்கற பொம்மை ரெண்டு போட்டு. பொதுவாச் சொன்னாளாம். எனக்குத் தெரியாதா எது பொது, எது தனின்னு? நானும் பேசி அனுப்புனேன். எழுதல, வாயிலயே பேசி அனுப்புனேன், எழுதுனா வெரலு பத்தாது. கொஞ்சம் நீளமாப் போச்சு. குரூப்புல இருக்கறவ எல்லாம் கேக்கட்டும்னுதான் பேசுனேன். நாத்தனாரு இல்லாட்டி உனக்கு இந்தக் கல்யாணமே இல்ல, தேடிப் புடிச்சு எடுத்தது நானு, ஊரு ஊரா நான் நடந்த நடைக்கு உன்னையாட்டம் ரெண்டு பொண்ணு எடுத்திருப்பேன்னு சொன்னேன். உண்மையத்தானே சொன்னேன்.

என்னக் குரூப்ப விட்டுத் தூக்கிட்டாங்க. நாத்தனார. கல்யாணத்துக்கு முந்தி. ‘நீங்கள் நீக்கப்பட்டீர்கள்’னு வந்துது. அதப் பாத்துட்டு நான் அடுப்புல பாலு பொங்கறதுகூடத் தெரியாம நின்னேன். சொந்தக்காரங்க ஊட்டுல இருந்து கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுன மாதிரி இருந்துது. அழுகை வந்துது. ஆனா நான் அழல.

அவங்கம்மாவுக்குப் போன் போட்டேன். மரியாதையாத்தான் பேசுனேன். ஏனுங்க, உங்க பொண்ணு என்னத் தூக்கிட்டா, இருக்கட்டும். ஆனா முடிச்சு நாந்தானே போடோணும், பின்னால நின்னு நாந்தானே குனியோணும், அப்ப அவ காதுல என்ன உளுகுதுன்னு அவளே கேட்டுக்கட்டும்னு சொன்னேன். அவ்வளவுதான். வேற ஒரு வார்த்த கூடப் பேசல. இதுல என்ன இருக்குது? அந்தம்மா போன வெச்சுருச்சு. மக அன்னைக்கு ராத்திரி பூராத் தூங்கலியாம். தூங்காட்டி அதுக்கு நானா பொறுப்பு?

தம்பி வந்தான். வாசல்ல செருப்பக் கழட்டாமயே நின்னான். காப்பி போட்டேன், தொடல. அக்கா, அந்த நாடகத்த விட்டுருக்காங்கறான். அவள விடச் சொல்லுடான்னேன். அவ பயப்படறாக்கா, நீ ஒரே ஒரு தடவ அவகிட்ட, நான் நல்லபடியாத்தான் முடிச்சுப் போடுவேன்னு சொல்லிரு, போதும்ங்கறான். நான் ஏன் சொல்லோணும்? சொன்னாத்தான் தெரியுமா? உன்ன வளத்தவடா நானு, நான் உனக்குக் கெட்டதா முடிச்சுப் போடுவனா, அத வாயால வேற சொல்லோணுமான்னேன். எனக்குத் தெரியும்க்கா, அவளுக்குத் தெரியாதில்லங்கறான். தெரியாட்டிப் போகட்டும்னேன். அப்பறம், அப்பச் சித்ரா போடட்டுங்க்கான்னு தரையப் பாத்துச் சொல்லிட்டுப் போயிட்டான். அவன் என்ன எதுத்து ஒரு சொல்லு சொன்னது அன்னைக்குத்தான்.

சாம்பாரு வாங்கிக்கறீங்களா? வேண்டாமா. அதுவும் நல்லதுதான், உப்பு.

இருங்க, இருங்க. வர்றா பாருங்க. மாம்பழக் கலர்ல பட்டுக் கட்டிட்டு ஓடியாறா பாருங்க, அவதான் சித்ரா. நீங்க பேசாம இருங்க, என்ன சொல்றான்னு பாப்போம்.

என்ன சித்ரா. ம். யாரு சொன்னா? பொண்ணேவா? அவ வாயாலயே சொன்னாளா? சரி, கேட்டுக்கிட்டேன். நீ போ. வர்றேன்னு நான் சொன்னனா? கேட்டுக்கிட்டேன்னுதான் சொன்னேன். கையப் புடிச்சு இழுக்காத, எச்சக் கை. போ.

கேட்டீங்களா சேதிய? மேகலா சொல்லிட்டாளாம், அண்ணியே வந்து போடட்டும், எனக்கு ஒண்ணும் பயமில்லைன்னு. மணவறையில உக்காந்துட்டுச் சொன்னாளாம். பயமில்லைன்னா என்ன அர்த்தம்? இத்தன நாளும் என்னப் பாத்துப் பயந்துட்டு இருந்தான்னு அர்த்தம். நான் என்ன பேயா? அதச் சபையில வேற சொல்றா. பெரிய மனசு பண்ணிச் சொல்றாளாம். தப்பு என்னுதுங்க அண்ணின்னு சொன்னாளான்னா, அது இல்ல.

போங்கங்கறீங்க. நீங்க சொல்லுவீங்க, பொண்ணு ஊடு. பொண்ணு கூப்பிட்டா ஓடறதுக்கு நான் என்ன சமையல்காரியா? இது எங்க ஊட்டுக் கல்யாணம். எங்க ஊட்டு ஆளு கூப்புடட்டும்.

இந்தா, வந்துட்டாரு. எங்க ஊட்டுக்காரர்ங்க இவரு. கல்யாணத்துக்குக் கெளம்பறப்பவே என்னத் திட்டுனாரு, இப்பவும் திட்டத்தான் வர்றாரு. ஏனுங்க, என்ன? தெரியும், சித்ரா சொல்லிட்டா. நான் வரமாட்டேன்னு சொல்லலியே. தம்பி வந்து கூப்புடட்டும், வர்றேன். ஆமா, நவநீதன்தான். மணவறையில உக்காந்தவன் தாலி கட்டாம எந்திரிக்கக்கூடாதுன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன். ஐயரு கத்துனா கத்தட்டும். போங்க, போயிச் சொல்லுங்க. என்ன மொறைக்கறீங்க, போங்க.

பாத்தீங்களா, கைய ஒதறிட்டுப் போறாரு. அவரு எப்பவுமே அவிய பக்கந்தான். நல்ல நேரம் முடியப் போகுதாம். முடிஞ்சிருமா? நான் இல்லாம ஆரம்பிச்சிருவாங்களா? இவ்வளவு பேரு கூப்பிட வர்றாங்கன்னா என்ன அர்த்தம், நான் இல்லாம ஆகாதுன்னுதானே. தம்பி எந்திரிச்சு வரவேண்டாம்ங்க, அது எனக்கே ஆகாது. வாக்கான்னு ஒரு வார்த்த, அக்காவ நான் கூப்பிட்டேன்னு சொல்லுன்னு ஒரு ஆளுகிட்ட ஒரு வார்த்த. அது போதும். இன்னொரு ஆளு வரும் பாருங்க. வந்தா எந்திரிச்சிருவேன். மூணாவதாக் கூப்பிட்டும் போகலைன்னா அது நமக்கு மரியாதையில்ல.

போகாம இருப்பனா? உங்ககிட்டச் சொல்றேன், யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. ஒரு வாரமா ஊட்டுல சொம்புக் கழுத்துல மஞ்சக் கயித்தக் கட்டி முடிச்சுப் போட்டுப் போட்டுப் பாத்தேன். சித்ராதான் போடறான்னு முடிவானதுக்கு அப்பறமும்தான். என்ற கைக்கு வாதம், வெரலு மடங்க மாட்டேங்குது. சரியா இறுகாம, பின்னால அவுந்துகிவுந்து போச்சுன்னா? எத்தன வருசம் தேடி அமைஞ்ச கல்யாணம். நல்லா இருக்கோணும்ங்க, ரெண்டும். அவ என்னத் தூக்குனாலும் நல்லா இருக்கோணும். அத அவகிட்டச் சொல்லுன்னா, சொல்ல மாட்டேன். அவளுக்காத் தெரியோணும்.

சரி, ஆளு வர்றதுக்குள்ள நீங்களே ஒரு ஞாயம் சொல்லீருங்க. நீங்க பாக்காத ஆளு, பொண்ணு ஊடா இருந்தாலும் பரவால்ல. என்ற போன்ல அந்த எடத்த வெட்டி வெச்சிருக்கறேன். கண்ணாடி எங்க, ம், இதா. சத்தம் பூரா வெச்சுர்றேன், காதுகிட்ட வெச்சுக்குங்க. அப்படித்தான். பாருங்க, இவதான் தாமரை. இவன் பார்கவியோட தம்பி. பார்கவி பின்னால வர்றா பாருங்க, பட்டுப் பொடவை. இப்ப ஐயரு கையக் காட்டுவாரு. மேளம். கேக்குதுங்களா, கெட்டிமேளம்? அப்படியே காதக் குடுத்துட்டு இருங்க, இப்பக் குனிவா. இப்ப. இப்ப. சொன்னா பாருங்க. என்ன கேட்டுது?

கேக்கலியா? என்னங்க நீங்க. இன்னொருக்கா வெக்கறேன். இந்தத் தடவ மேளத்தக் கேக்காதீங்க, அவ வாயப் பாருங்க. இந்தா, மேளம் ஆரம்பிச்சிருச்சு. நல்லாச் சத்தமா வருதில்ல, முந்தி இவ்வளவு சத்தம் வராது. பாருங்க, குனியறா. அழாத. இனிமே நீ அழாத. இப்பவாவது கேட்டுதா? எங்க மேல பாக்கறீங்க, போனப் பாருங்க. அட, இந்தச் சத்தத்துல நீங்க பேசறது எனக்குக் கேக்கல. இருங்க, நிறுத்தீட்டுக் கேக்கறேன்.

நிறுத்திட்டேன்.

மேளம் நிக்கலீங்களே.

இல்லீங்க, இது வேற ஏதாச்சும் இருக்கும். சாமி கும்புடறப்பக்கூட இப்படி அடிப்பாங்க. கெட்டிமேளம்னா எனக்குத் தெரியாதா. ஏன் எல்லாரும் எந்திரிக்கறாங்க? ஏனுங்க தம்பி, எலை போடறவரே, மேல என்ன? ஆச்சா?

ஆச்சாம்ங்க.

சித்ரா போட்டிருப்பா. அவளுக்குப் பொடவைக் கொசுவமே இடுப்புல நிக்காது. என்ற தம்பி கல்யாணங்க. தாலி கட்டறப்ப அவன் திரும்பிப் பாத்திருப்பான், நான் பின்னால நிக்கறனான்னு. சின்னதுல பரிட்சைக்குப் போறப்பக்கூட வாசல்ல நின்னு திரும்பிப் பாத்துட்டுத்தான் போவான். நான் அதப் பாக்கலீங்க. நான் இட்லிக்கு முன்னால உக்காந்துட்டு இருக்கறேன்.

உங்களுக்குக் கேட்டுதில்ல? மேல பாத்தீங்கல்ல, எனக்குத் தெரியும், பாத்தீங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னீங்களா? இப்ப எதுக்கு என்ற கையப் புடிக்கறீங்க, விடுங்க. பொண்ணு ஊடுன்னு நீங்க சொன்னப்பவே எந்திரிச்சுப் போயிருக்கோணும் நானு. பேச்சுக் குடுத்து உக்கார வெச்சுட்டீங்களே.